இரண்டு படி தாவல்

நான் படித்த வகுப்பில் கடைசியில் நான் ஒருத்திதான் மிஞ்சினேன்.

தொடங்கும்போது நான்கு பேர் இருந்தோம். வேலை பார்த்துக்கொண்டே பட்டம் முடிக்க நினைப்பவர்களுக்கான தொலைதூரக் கல்வி நிலையம் அது. மலாக்கா டவுனில் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. இயற்பியல் பட்டத்தின் கடைசிப் பாடம் குவாண்டம் இயக்கவியல். சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வகுப்பு. முதல் மாதத்திலேயே ஒருவர் போய்விட்டார். பள்ளி ஆசிரியை ஒருவர் இருந்தார். அவருக்குக் குழந்தை பிறக்க இருந்ததால் அவரும் நின்றுகொண்டார். மூன்றாமவர் போகும்போது என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். "இது நமக்கு வராதுலா அக்கா. நீங்களும் யோசிங்க."

நான் யோசிக்கவில்லை. பத்தொன்பது வருடம் யோசித்தாயிற்று.

பல்கலைக்கழகத்தில் இயற்பியல் இரண்டாம் ஆண்டை முடித்திருந்தபோது அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க அவரை எங்கள் ஊர் செலண்டாரிலிருந்து மலாக்காவுக்கு வண்டியில் கூட்டிப்போக வேண்டும். அம்மாவுக்குக் காடி ஓட்டத் தெரியாது. தம்பி பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். ஒரு தவணை விடுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள் திரும்பிப் போகவே இல்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த செம்பனை எண்ணெய் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. அப்பா எட்டு வருடம் இருந்தார். அவர் போன பிறகும் நான் அங்கேயே இருந்தேன். யாரும் என்னைப் பிடித்து வைத்திருக்கவில்லை. ஒரு நாள் போலவே அடுத்த நாளும் இருந்ததால் கிளம்ப வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து நின்றுபோனது. நாற்பது வயதானபோதுதான், பாதியில் விட்டதை முடிக்கலாம் என்று அந்த நிலையத்தில் பெயர் கொடுத்தேன்.

விரிவுரையாளர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். கோலாலம்பூரிலிருந்து சனிக்கிழமை விடியற்காலை பஸ் ஏறி வருவார். ஒல்லியான உருவம், எப்போதும் ஒரே சாம்பல் நிறச் சட்டை. முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நான் அவரை சார் என்றுதான் கூப்பிட்டேன்.

நான் மட்டும் மிஞ்சிய முதல் சனிக்கிழமை, அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்துகொள்வார் என்று நினைத்தேன். அப்படிச் செய்யவில்லை. வழக்கம்போல வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்றார். காலியாக இருந்த மேசைகளையும் சேர்த்துப் பார்த்துப் பேசினார்.

"ஒரு பொருள் எங்க இருக்குன்னு நேரடியா சொல்ற எண் இந்தப் பாடத்துல கிடையாது அக்கா. நம்மகிட்ட இருக்கிறது ஓர் அலைச்சார்பு. அது கற்பனை எண் கலந்தது. அத அப்படியே அளக்க முடியாது. அதோட அளவ வர்க்கம் பண்ணுனாதான் இங்க இருக்க எவ்வளவு வாய்ப்பு, அங்க இருக்க எவ்வளவு வாய்ப்புன்னு தெரியும்."

"அப்ப அது உண்மையில எங்க சார் இருக்கு?"

"அளக்கிறதுக்கு முன்னாடியா?"

"ஆமா."

அவர் மார்க்கரை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லக்கா. கணக்கு எப்படிப் போடறதுன்னு மட்டும்தான் தெரியும்."

எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்தப் பதிலால்தான். அதற்கு முன் எனக்குப் பாடம் எடுத்தவர்கள் யாரும் தெரியாது என்று சொல்லிக் கேட்டதில்லை.

வகுப்பு முடிந்ததும் இருவரும் கீழே இறங்கி மூலைக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிடுவோம். அவருடைய பஸ் ஒன்றரைக்கு. அந்த ஒன்றரை மணி நேரமும் பாடத்தைப் பற்றித்தான் பேசுவோம். இடத்தைக் குறிக்கும் செயலியையும் உந்தத்தைக் குறிக்கும் செயலியையும் பெருக்கும்போது எது முதலில், எது பின்னால் என்பதைப் பொறுத்து விடை மாறும் என்று கடைக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். வரிசை மாறினால் வரும் அந்தச் சின்ன வித்தியாசத்திலிருந்துதான் இரண்டையும் ஒரே சமயத்தில் துல்லியமாக அறிய முடியாது என்பது வருகிறது என்றார். காகிதத்தில் கறிக் குழம்பு ஊறியது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வாரத்தின் மற்ற ஆறு நாளும் என்னிடம் பேசியவர்கள் சோதனை மாதிரியின் எண், அமில அளவு, ஈரப்பதம், சாப்பாடு, மழை இவற்றைப் பற்றித்தான் பேசினார்கள். நீ என்ன நினைக்கிறாய் என்று ஒருவர் என்னைக் கேட்டது அந்த ரொட்டிக் கடையில் மட்டும்தான்.

வீட்டில் நானும் அம்மாவும். அம்மா இளம் வயதில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தமிழ்ப் பள்ளியில் நான்காம் ஆண்டோடு நின்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், சமையலறை மேசையில் ஒரு பக்கம் அவர் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். மறுபக்கம் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டார்:

"அப்பிடி என்னதான் இருக்கு அதுல? காலையிலேர்ந்து ஒரே பக்கத்தயே பாக்குற."

"ஒரு பெட்டிமா. அதுக்குள்ள சின்னதா ஒரு துகள். பெட்டியோட சுவரத் தாண்டி அது வெளிய வரவே முடியாது. உள்ள அது எப்பிடி இருக்கும்னு கணக்குப் போடணும்."

"எப்பிடி இருக்குமாம்?"

"எல்லா வேகத்துலயும் இருக்க முடியாது. சில குறிப்பிட்ட ஆற்றல்தான் அதுக்கு உண்டு. கித்தார் கம்பி மாதிரி, ரெண்டு பக்கமும் கட்டிட்டா சில சத்தம் மட்டும்தான் வரும்ல, அப்பிடி. அப்புறம், அதால சும்மா உக்காந்திருக்கவும் முடியாது. எவ்வளவு அடங்கினாலும் கொஞ்சம் ஆடிக்கிட்டேதான் இருக்கும்."

அம்மா ஒரு நெத்திலியைக் கையில் வைத்தபடி யோசித்தார். "ஒண்ணே ஒண்ணா உள்ள?"

"ஒண்ணுதான்."

"பாவம். தொணைக்கு இன்னொண்ணு போடக் கூடாதா?"

"ரெண்டு போட்டா கணக்கு ரொம்பக் கஷ்டம்மா."

"ஆமாமா," என்றார் அம்மா, தனக்கும் அது தெரிந்ததுதான் என்பதுபோல. பிறகு எழுந்துபோய் உலையைப் பார்த்தார். நான் சிரித்தேன். ஆனால் அன்று மாலைவரை அந்தப் பக்கத்தில் என்னால் மேற்கொண்டு ஒரு வரியும் எழுத முடியவில்லை.

ஐந்தாவது மாதம் சுருள்வில் பாடம் வந்தது. ஒரு வில்லின் முனையில் கட்டிய துகள் முன்னும் பின்னும் ஆடுகிறது. குவாண்டம் கணக்கில் அதன் ஆற்றல் ஏணிப் படிகள்போல, சம இடைவெளியில் அடுக்கடுக்காக வரும். அந்த ஏணியில் ஒரு படி ஏற்றுவதற்கு ஒரு செயலி, ஒரு படி இறக்குவதற்கு ஒரு செயலி. பெரிய பெரிய சமன்பாடுகளைத் தீர்க்காமல், ஏற்று, இறக்கு என்று இரண்டே எழுத்தை வைத்து எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடலாம். என் வாழ்நாளில் நான் பார்த்த கணக்குகளிலேயே அழகானது அதுதான். சார் பலகை முழுவதும் எழுதிவிட்டுச் சொன்னார்:

"முக்கியமான முடிவு இதுதான். ஒளி பட்டா இந்த ஏணியில ஒரு படிதான் ஏற முடியும், இல்லாட்டி ஒரு படி இறங்க முடியும். ரெண்டு படி தாவறதுக்கு வாய்ப்பு பூஜ்யம்."

என் கை எழுதுவதை நிறுத்தியது.

"சார், அப்ப எங்க ஆலையில இருக்கிற மெஷின் வேலை செய்யக் கூடாதே."

அவர் திரும்பினார்.

நான் விளக்கினேன். எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரு கருவி உண்டு. எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் நாரைக் கிண்ணத்தில் போட்டு உள்ளே வைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஒளியை அதன்மேல் பாய்ச்சி, எவ்வளவு எண்ணெய், எவ்வளவு நீர் என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடும். எண்ணெயிலும் நீரிலும் அணுக்கள் ஒன்றோடொன்று வில்லில் கட்டியதுபோல ஆடுகின்றன. அந்த ஆட்டம்தான் ஒளியை விழுங்குகிறது. கருவியோடு வந்த கையேட்டைப் பொழுதுபோகாமல் நான் பலமுறை படித்திருக்கிறேன். விழுங்கப்படும் ஒளி ஒரு படிக்கு உரியதில்லை, ஏறக்குறைய இரண்டு படிக்கும் மூன்று படிக்கும் உரியது என்று அதில் போட்டிருந்தது.

"நீங்க சொல்ற கணக்குப்படி அது பூஜ்யம் காட்டணும் சார். ஆனா நான் தெனமும் அதுல எண் எடுக்கிறேன்."

சார் பலகையைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. "ரொம்ப நல்ல கேள்விக்கா இது. எனக்கு ஓரளவு தெரியும். ஆனா முழுசா போட்டுக் காட்டணும். அடுத்த வாரம் எழுதிட்டு வர்றேன்."

அந்த வாரம் முழுக்கக் கருவியில் கிண்ணம் வைக்கும்போதெல்லாம் அடுத்த சனிக்கிழமையை நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் மார்க்கரைக் கையில் எடுக்கவே இல்லை. முதல்முறையாக நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். வெளிநாட்டில் ஆய்வு வேலை கிடைத்திருக்கிறது, இரண்டு வாரத்தில் கிளம்ப வேண்டும் என்றார். ஒரு மாணவிக்காக நிலையம் வேறு ஆளைப் போடாது என்பதையும் அவரே சொன்னார். நான் வாழ்த்துச் சொன்னேன். உண்மையாகத்தான் சொன்னேன். எழுதிக் கொண்டுவருவதாகச் சொன்ன கணக்கை அவர் மறந்திருந்தார். நானும் கேட்கவில்லை. அன்று ரொட்டிக் கடையில் அவர் விசா, குளிர்ச் சட்டை, வாடகை வீடு என்று பேசிக்கொண்டே இருந்தார். பஸ்ஸுக்கு நேரமானதும் எழுந்து, "விட்டுடாதீங்கக்கா" என்றார்.

நிலையத்தில் எழுத்து வேலை பார்த்த கிராணி நல்ல மனிதர். புள்ளியியல் பாடத்துக்கு மாறிக்கொண்டால் அதே வருடம் பட்டம் வாங்கிவிடலாம் என்றார். அதில் பதினெட்டுப் பேர் படிக்கிறார்கள் என்றும் சொன்னார். நான் மாற மாட்டேன் என்றதும் அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. வகுப்பு இல்லாமல் தேர்வு மட்டும் எழுத ஒரு விண்ணப்பப் பாரம் உண்டாம். அதைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

அதற்கு அடுத்த மாதம் அம்மாவும் தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி ஜொகூரில் இருக்கிறான். கணவன் மனைவி இருவரும் தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அம்மா மூன்று மாதம் என்று சொல்லித்தான் கிளம்பினார். ஐஸ்பெட்டியில் பதினைந்து டப்பாக் குழம்பை உறையவைத்துவிட்டுப் போனார். நான் ஒரு நாளைக்கு ஒன்று என்று சாப்பிடாமல் வாரத்துக்கு ஒன்றாகத் திறந்தேன். கடைசி டப்பாவைத் திறந்தபோதும் அவர் திரும்பி வரவில்லை. இன்னும் வரவில்லை.

தனியாக இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அதுவரை நான் பழகியிருந்தது பேச்சில்லாத வீடு. ஆளில்லாத வீடு வேறு. காலையில் எழுந்து பாலில்லாத தே-ஓ போடும்போது இரண்டு கோப்பை எடுத்துவிடுவேன். ஆலைக்குப் போனால் வண்டிச் சத்தம், கொதிகலன் சத்தம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சோதிக்க வரும் மாதிரி. என்னோடு சோதனைக்கூடத்தில் வேலை பார்த்த பெண் பேறுகால விடுப்பில் போயிருந்தாள். மாதிரி கொண்டுவருகிறவர் வாசலிலேயே வாளியை வைத்துவிட்டு, "வெச்சிட்டேன்கா" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவார். சில நாள் அந்த ஒரு சொல்தான் அன்றைக்கு எனக்கென்று ஒருவர் பேசியது.

கருவியைச் சரிபார்க்க வருடத்துக்கு ஒரு முறை ஒரு சீன எஞ்சினியர் வருவார். அவரிடம் கேட்டுப் பார்த்தேன். இரண்டு படித் தாவல் நடக்கக் கூடாதே, இது எப்படி அளக்கிறது? அவர் மலாயும் ஆங்கிலமுமாகச் சிரித்துக்கொண்டே சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "அதெல்லாம் நமக்கு எதுக்கு? பட்டனை அமுக்கு, நம்பர் வரும்லா." சாருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. ஒரு மாதம் கழித்து இன்னொன்று அனுப்பினேன். அதற்கும் இல்லை.

ஆகவே நானே போட்டுப் பார்க்க முடிவு செய்தேன்.

பாடநூலின் பின்பகுதியில் வழி இருந்தது. உண்மையான கணக்கு கடினமாக இருந்தால், அதற்குப் பக்கத்தில் இருக்கும் எளிய கணக்கை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் உள்ள சின்ன வித்தியாசத்தைத் திருத்தமாகச் சேர்த்து, எளிய விடை எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க வேண்டும். அணுக்களுக்கு இடையில் இருப்பது சுத்தமான சுருள்வில் இல்லை. இழுத்தால் தளரும், அமுக்கினால் இறுகும். அந்தக் குறையை விலகலின் மும்மடியாக எழுதிச் சேர்க்கலாம். சேர்த்தால் ஏணியின் ஒவ்வொரு படியிலும் பக்கத்துப் படிகள் கொஞ்சம் கலந்துவிடும். அந்தக் கலப்பு இரண்டு படித் தாவலுக்கு வழி விடுகிறதா என்பதுதான் என் கேள்வி.

இதைப் படித்துப் புரிந்துகொள்ளவே இரண்டு மாதம் ஆயிற்று. கேட்க ஆளில்லாதபோது ஒரு சின்னத் தப்பு மூன்று வாரத்தைத் தின்றுவிடும். ஒரு தடவை, எப்படிப் போட்டாலும் சராசரி இடம் கற்பனை எண்ணாக வந்தது. அளக்கக்கூடிய ஒன்று கற்பனையாக வரவே முடியாது. இருபது நாள் கழித்துத்தான் ஒரு பக்கத்தில் கற்பனைப் பகுதியின் குறியைத் திருப்ப மறந்திருக்கிறேன் என்று கண்டேன். எதிரில் ஒரு ஆள் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் விரலை வைத்துக் காட்டியிருப்பார்.

அது மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பசியாறாமலே உட்கார்ந்துவிட்டேன். திருத்தத்தின் அளவை ஒன்று என்று வைத்துக்கொண்டு, மேல் படியில் கலந்திருப்பதைக் கணக்கிட்டேன். இரண்டு புள்ளி ஒன்று இரண்டு வந்தது. பூஜ்யம் இல்லை! எழுந்து வீட்டுக்குள் இரண்டு சுற்று நடந்தேன். முட்டை பொரித்துச் சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே உறைத்தது. கீழ்ப் படியைத் திருத்தவே இல்லையே. தாவல் தொடங்கும் படியிலும் கலப்பு உண்டுதானே.

கை கழுவிவிட்டு வந்து கீழ்ப் படியை எடுத்தேன். அதில் இரண்டு உறுப்புகள். முதலாவது கழித்தல் குறியோடு வந்தது. ஒன்று புள்ளி பூஜ்யம் ஆறு. சரியாகப் பாதி போய்விட்டது. இரண்டாவதும் கழித்தல். அது மிச்சப் பாதியையும் தின்றுவிட்டால் எல்லாம் பூஜ்யம். என் கேள்வி தொடங்கிய இடத்திலேயே நிற்கும். அந்த எண்ணைக் கணக்கிடாமல் கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரர் மழைக்கு மோட்டர் சைக்கிளைத் தாழ்வாரத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு போட்டேன். புள்ளி மூன்று ஐந்து.

மிச்சம் இருந்தது. புள்ளி ஏழு. ஒன்றை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும் அதே எண், சுத்தமாக. பத்து வருடமாக நான் கிண்ணம் வைத்து எடுத்த எண்களெல்லாம் இப்படியொரு மிச்சத்திலிருந்து வந்தவை. வில் சரியான வில்லாக இருந்திருந்தால் என் கருவி குருடாகத்தான் இருந்திருக்கும்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். பின்னால் பசாரின் இரைச்சல் கேட்டது, குழந்தை அழுதது.

"அம்மா, வந்துருச்சுமா!"

"யாரு வந்தா?"

"யாரும் இல்லமா. கணக்கு. விடை வந்துருச்சு."

"என்னாது? சத்தமா சொல்லு, இங்க மீன் வெட்டறான்."

"ஒண்ணும் இல்லமா. சும்மாதான் போன் அடிச்சேன்."

"சாப்ட்டியா?"

"முட்ட சாப்ட்டேன்."

"வெறும் முட்டயா?" என்றார். குழந்தை போனைப் பறித்துவிட்டது. அது ஏதோ பேசியது, நானும் ஏதோ பேசினேன், பிறகு துண்டித்துப் போனது. மழை விட்டதும் மேசையில் கிடந்த தாள்களை வரிசைப்படுத்திப் பக்க எண் போட்டேன். பதினொரு பக்கம்.

தேர்வு மலாக்காவில் ஒரு பள்ளி மண்டபத்தில் நடந்தது. மேசைகள் நெடுக அடுக்கியிருந்தார்கள். வாசலில் ஒட்டியிருந்த பட்டியலில் என் பாடத்துக்கு நேராக ஒரே ஒரு எண். மற்ற பாடங்களுக்கு வேறு நாளாம். மேற்பார்வைக்கு ஒரு மலாய்க்கார அம்மா வந்திருந்தார். உள்ளே நுழைந்த என்னைப் பார்த்து, "சொராங் சஜா?" என்று கேட்டார். ஒரு ஆள்தானா என்று. ஆமாம் என்றேன். அப்படியும் அவர் விதியை விடவில்லை. மண்டபம் முழுவதற்கும் கேட்கும்படி, அனைவரும் கைப்பேசிகளை அணைக்க வேண்டும், அனைவரும் அடையாள அட்டையை மேசைமேல் வைக்க வேண்டும் என்று வாசித்தார். நான் அணைத்தேன், வைத்தேன். மூன்று மணி நேரம் அவர் செருப்புச் சத்தம் வராமல் நடக்கப் பார்த்தார். என் தாள் காற்றாடிக்குப் படபடத்தபோது ஒரு சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்துவிட்டுப் போனார்.

நான் ஆயத்தம் செய்த பெரிய கணக்கு வரவில்லை. பெட்டி, படித்தடுப்பு, இரு நிலைகள் மட்டும் உள்ள ஓர் அமைப்பை அளந்தால் என்ன வரும், வரிசை மாறினால் விடை மாறும் செயலிகள், இவைதான் வந்தன. ஒரு கேள்வியை விட்டுவிட்டேன். இன்னொன்றில் நேரம் போதவில்லை. எழுந்தபோது அந்த அம்மா, கடினமா என்று மலாயில் கேட்டார். கொஞ்சம் என்றேன். "ஒரு ஆளுக்காக ஒரு தேர்வு. நீ பாஸாகணும், இல்லாட்டி எனக்குக் கவலையா இருக்கும்" என்றார். கதவு வரைக்கும் கூடவே வந்தார்.

பாஸாகிவிட்டேன். பெரிய மதிப்பெண் இல்லை, சுமார்தான்.

பதினொரு பக்கத்தையும் படமெடுத்து சாருக்கு அனுப்பினேன். இந்த முறை பதில் கேட்கவில்லை. நீங்கள் எழுதுவதாகச் சொன்னது, நானே போட்டுப் பார்த்தேன் என்று மட்டும் எழுதினேன். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஆய்வு வேலை முடிந்துவிட்டதாம், நீட்டிக்கவில்லையாம். இப்போது அங்கேயே ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருக்கிறாராம். "அக்கா, உங்க ரெண்டு மெயிலும் வந்துச்சு. அப்ப எனக்கு எதையும் திறந்து பாக்கிற மனசு இல்ல. இப்ப உங்க பக்கங்களப் பாத்தேன். நாலாவது பக்கத்துக்கு மேல என்னால போக முடியல. கை விட்டுப் போச்சு. சரியாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். வேற யார்கிட்டயாவது காட்டுங்க."

அதைச் சோதனைக்கூடத்தில் நின்றுகொண்டு படித்தேன். கோபம் வரவில்லை. சாம்பல் சட்டையோடு காலி மேசைகளைப் பார்த்துப் பேசிய அந்த ஆளை நினைத்து மனசு கனத்தது. எங்கோ ஓர் ஊரில் அவரும் பேச ஆளில்லாமல் இருந்திருக்கிறார். நான் எழுதிய இரண்டு கடிதமும் அவருக்குப் பாரமாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கின்றன. "சாப்பாடு ஒழுங்கா சாப்பிடுங்க சார்" என்று பதில் எழுதினேன். அம்மா பேசுவதுபோலவே இருந்தது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

வேறு யாரிடமும் காட்ட எனக்கு ஆள் இல்லை. ஆனால் சரியாத்தான் இருக்கும் என்பது போதவில்லை. ஆகவே வேறு வழியில் போய்ப் பார்த்தேன். ஏற்று, இறக்கு செயலிகளை எண் அட்டவணைகளாக எழுதலாம். அதற்கு அணி என்று பெயர். ஏணியில் முப்பது படியோடு நிறுத்திக்கொண்டு, முப்பது வரிசை, முப்பது நிரலாக மடிக்கணினியில் ஏற்றினேன். கணினிக்கான நிரல் எழுதத் தெரியாது, கற்றுக்கொண்டேன். மும்மடித் திருத்தத்தை மிகச் சிறியதாகச் சேர்த்து, புதிய படிகளைக் கணினியையே கண்டுபிடிக்க விட்டு, கீழ்ப் படியிலிருந்து இரண்டாம் படிக்குத் தாவலின் அளவைக் கேட்டேன். திருத்தத்தால் வகுத்தேன். திரையில் புள்ளி ஏழு பூஜ்யம் ஏழு என்று வந்தது. திருத்தத்தை இன்னும் பத்தில் ஒன்றாக்கினேன். அதே எண், என் விடையை இன்னும் நெருங்கி.

அதன் பிறகு யாருக்கும் போன் செய்யவில்லை. மடிக்கணினியை மூடிவிட்டு ரெம்பியா வரை காடியை ஓட்டிக்கொண்டு போனேன். ஒரு கடையில் உட்கார்ந்து மீ கோரேங் சாப்பிட்டேன். சாப்பாடு சூடாக இருந்தது. பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் பிறந்தநாள் கேக் வெட்டியது. எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். என்னம்மா விசேஷம், தனியா வந்திருக்கீங்க என்று அந்த வீட்டுப் பெரியவர் கேட்டார். "ஒரு கணக்கு சரியா வந்துச்சுங்க" என்றேன். அவர் ஒரு நொடி விழித்துவிட்டு, "அப்ப நல்ல நாள்தான்" என்றார்.

பட்டமளிப்புக்குக் கோலாலம்பூர் போயிருந்தேன். தம்பிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று அம்மாவும் வரவில்லை. அங்கி வாடகைக்குக் கொடுத்தார்கள். நீளம் அதிகம், படியேறும்போது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்ததும் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் கைப்பேசியைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னேன். மூன்று எடுத்தாள். அவளுடைய அப்பா, "கொஞ்சம் சிரிம்மா" என்றார்.

படத்தை அம்மாவுக்கு அனுப்பிவிட்டுக் காடியில் ஏறினேன். நெடுஞ்சாலையில் ஓர் ஓய்விடத்தில் நிறுத்தியபோது அம்மாவின் குரல் பதிவு வந்திருந்தது. தம்பி மகள் பின்னால் அத்தை, அத்தை என்று கத்திக்கொண்டிருந்தாள். "பாத்தேன்மா. அப்பா போட்டோவுக்கும் காட்டினேன். சட்ட பெருசா இருக்கு ஒனக்கு. மொகம் வாடியிருக்கு. வண்டிய மெதுவா ஓட்டு." இரண்டு முறை கேட்டேன். பிறகு காடிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்குத் திரும்ப, சிம்பாங் அம்பாட்டில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கும்போது மழை தூறத் தொடங்கியிருந்தது.